எழுபத்தொரு வயசு ரத்தக்குழாய்

நிக்காதீங்க தம்பி, நடந்துக்கிட்டே பேசுங்க. வண்டி எங்கயும் ஓடிப் போயிடாது. அந்தா, ரெண்டாவது வரிசையில மூணாவதா நீல முகப்போட நிக்குதே, அதுதானே நீங்க போன்ல கேட்ட லாரி? யார்டைச் சுத்தி வரும்போது ஒவ்வொரு சுத்துக்கும் ஒருக்கா அதைத் தாண்டித்தான் போவோம். முதல் சுத்துல டயரைப் பாருங்க, ரெண்டாவது சுத்துல அடியில சேஸைப் பாருங்க. நான் இப்பத்தான் ஆரம்பிச்சேன், இன்னும் முப்பத்தேழு நிமிஷம் இருக்குது. அதுக்குள்ள நின்னேன்னு வைங்க, அத்தனையும் போச்சு.

தாராபுரத்துல இருந்து இருட்டோட வெடியாலயே கிளம்பி வந்த மனுசனை ஒரு டீ கூடக் கொடுக்காம நடக்க விடறானேன்னு நினைக்காதீங்க. டீ வரும். கிளாஸைக் கையில பிடிச்சுக்கிட்டே நடக்கலாம், முதல் ரெண்டு நாள் சட்டையில சிந்தும், அப்புறம் பழகிடும். வேகத்துக்கும் ஒரு அளவு இருக்குது. பேச்சு வரணும், பாட்டு வரக் கூடாது. டாக்டரம்மா சொன்னது. பேசவே முடியலைன்னா வேகம் ஜாஸ்தி. பாட முடிஞ்சா வேகம் பத்தலை. எங்கே, ஒரு வரி பாடிப் பாருங்க. வரலையா? அப்ப சரியாத்தான் போறோம்.

சங்ககிரியில அர்த்தனாரின்னு யாரைக் கேட்டாலும் சொல்லுவாங்க, அந்த ஆள்கிட்ட வாங்கினா வண்டி நல்லா இருக்கும், காது போயிடும்னு. பன்னெண்டு வயசுல கிளீனரா லாரி ஏறினவன் நான். பள்ளிக்கூடத்துல வாத்தியார் அடிக்கறார்னு ஓடி வந்தேன், லாரியில டிரைவர் அதைவிட நல்லா அடிச்சார். அப்புறம் நானே டிரைவர் ஆனேன், புரோக்கர் ஆனேன், இந்த யார்டைப் போட்டேன். பழைய லாரியை வாங்கறது, சரி பண்ணி விக்கறது. என் முதல் என் தொண்டைதான். கத்தாம பேசினா அது விலையா சொல்லுங்க. வாங்கறவனும் கத்தணும், நானும் கத்தணும், சட்டையைப் பிடிக்கற கட்டம் வரணும், நாலு பேர் நடுவுல பூந்து விலக்கணும், அப்புறம் டீ சொல்லணும். அப்பத்தான் ரெண்டு பேருக்கும் வீட்டுக்குப் போனா தூக்கம் வரும். இது தொழில் மரியாதை. இதைப் போய்க் கோபம்னு சொல்லுவா என் சம்சாரம் பாவாயி. கோபமா? எனக்கா? யோவ் மெக்கானிக்கு! ஜாக்கியை வழியில வைக்காதய்யான்னு உனக்குப் பித்தளைத் தகட்டுல செதுக்கியா கொடுக்கணும்? எடுய்யா அதை! …என்ன சொல்லிட்டிருந்தேன்? ஆங், எனக்குக் கோபமே வராது.

போன மாசியில லாரி ஓனருங்க சங்கத்து மண்டபத்துல ஒரு முகாம் போட்டாங்க. சேலத்துல இருந்து ஒரு ஆஸ்பத்திரிக்காரங்க வந்திருந்தாங்க. டிரைவருங்களுக்குக் கண்ணு பார்க்கறது, சர்க்கரை பார்க்கறது, அதோட ஒரு புது மெஷின். கட்டில்ல மல்லாக்கப் படுக்கணும். ரெண்டு கையிலயும் ரெண்டு கணுக்கால்லயும் பட்டையைச் சுத்திக் காத்தடிக்கறாங்க, நாலு டயருக்கும் ஒரே நேரத்துல அடிக்கற மாதிரி. நெஞ்சு அடிக்கற அடி கணுக்காலுக்கு வந்து சேர எத்தனை நேரம் ஆகுதுன்னு அது பார்க்குமாம். குழாய் இளசா இருந்தா அந்த அடி நிதானமாப் போகுமாம், விறைச்சுப் போயிருந்தா விர்ருனு போகுமாம். எனக்கு விர்ருனு போச்சு. நான் சந்தோஷப்பட்டேன் தம்பி. வேகமாப் போறது நல்ல வண்டிதானேன்னு.

அஞ்சு நிமிஷத்துல சீட்டு வந்தது. வயசு அம்பத்தொம்பது, சரி. அதுக்குக் கீழே ரத்தக்குழாயோட வயசுன்னு போட்டு, எழுபத்தொண்ணு.

“கண்ணு, இது யாரோட சீட்டு?”னு மெஷின்காரப் பொண்ணைக் கேட்டேன்.

“உங்களோடதுதாங்க ஐயா.”

“கட்டில்ல ஏறும்போது எனக்கு அம்பத்தொம்பது. எறங்கறதுக்குள்ள பன்னெண்டு வயசை ஏத்திட்டியே! எழுபத்தொண்ணெல்லாம் அநியாயம். அறுபத்திரெண்டு போட்டுக்கோ. உனக்கும் நஷ்டம் வேண்டாம், எனக்கும் வேண்டாம்.”

“ஐயா, இது விலை இல்லீங்க.”

“சரி போ, அறுபத்துநாலு. இதுக்கு மேல ஒரு வயசு ஏற மாட்டேன்.”

அந்தப் பொண்ணு வாயைப் பொத்திக்கிட்டுச் சிரிக்குது. பின்னாடி வரிசையில நிக்கற முப்பது டிரைவரும் சிரிக்கறானுங்க. அதுலயும் என் சம்சாரத்தோட அண்ணன் வையாபுரி இருக்கானே, ஸ்பேர் பார்ட்ஸ் கடை வெச்சிருக்கறவன், அவன் எனக்கு அடுத்தாப்பல படுத்து எந்திரிச்சு வர்றான். அவனுக்கு அறுபத்தொண்ணு நடக்குது. சீட்டுல அம்பத்தஞ்சு! வீட்டுல இருந்து கடைக்கு ஏழு கிலோமீட்டர், முப்பது வருஷமா சைக்கிள்ல வந்து போறவன். பெட்ரோல் மிச்சம் பிடிக்கற கஞ்சன்னு முப்பது வருஷமாக் கிண்டல் பண்ணினவன் நான். அவன் என்ன பண்ணினான் தெரியுமா? ஒரு நாற்காலியைத் தூக்கிட்டு வந்து என் முன்னாடி போட்டு, “பெரியவரே, நிக்காதீங்க, உக்காருங்க. உங்களைவிடப் பதினாறு வயசு சின்னவன் நான், உங்க மடியில உக்கார வெச்சுக் கதை சொல்லுங்க”ன்னான். மண்டபமே இடிஞ்சு விழற மாதிரி சிரிப்பு. அந்த நாற்காலியை நான் எத்தி விட்டதுல எனக்குத்தான் கால் பெருவிரல் வீங்கினது.

ஆனா ஒருத்தி சிரிக்கலை. பாவாயி. கண்ணு பார்க்க வந்தவ, ஓரமா நின்னு அத்தனையும் பார்த்திருக்கறா. வந்து என் கையில இருந்த சீட்டை வாங்கி நாலா மடிச்சு வெச்சுக்கிட்டா. எங்க அண்ணன் பழனியப்பன் அறுபத்தோராம் வயசுல, இதே யார்டுல, ஒரு டேங்கருக்கு விலை பேசிட்டிருக்கும்போதே வாய் கோணி விழுந்தாரு. அந்த விலை முடியவே இல்லை. அவ அதைத்தான் நினைச்சிருப்பா. நானும் நினைச்சேன், சொல்லிக்கலை.

இங்க ஆயில் கொட்டிக் கிடக்குது, பார்த்து வாங்க. ஆமாங்க, அதேதான் உங்க வண்டி. டயர் பார்த்தாச்சா? சரி, விடாம வாங்க.

வீட்டுக்குப் போனதும் சொல்லிட்டா. “நாளையில இருந்து யார்டு நாற்காலியில யுவராஜ் உக்காரட்டும். நீங்க வீட்டுல இருங்க.” யுவராஜ் எங்க மாப்பிள்ளை. மகளைக் கட்டினவரு. தங்கமான பையன், கம்ப்யூட்டர் படிச்சவரு, ஆனா வண்டி வாங்க வந்தவன்கிட்ட, “உங்க பட்ஜெட் என்னங்க சார்?”னு கேக்கற ஆளு. நான் காதால கேட்டேன் தம்பி! கறிக்கடையில ஆட்டுக்கிட்டயே எங்க வெட்டட்டும்னு கேக்கற மாதிரி. இவர் உக்காந்தா ஆறு மாசத்துல யார்டுல புல்லு முளைக்கும்னு சொன்னேன். “முளைக்கட்டும், நீங்க இருந்து அதைப் பாருங்க”ன்னா. எதிர்த்துப் பேசலாம்னா, யார்டு பத்திரம் அவ பேர்ல. ராசின்னு சொல்லி நான்தான் அவ பேர்ல வாங்கினேன். 

சரி, பேரம்னு வந்துட்டா நமக்கென்ன பயம்? ஒரு வருஷம் டைம் கொடு, அந்த எழுபத்தொண்ணைக் குறைச்சுக் காட்டறேன்னேன். மூணு மாசம்னா. ஆறு மாசத்துல வந்து நின்னோம். எத்தனைக்குக் குறைக்கணும்? அவ அறுபதுன்னா, நான் அறுபத்தொம்பதுன்னேன். தொண்டை வறண்டு போற வரைக்கும் கத்தினேன். அவ கத்தவே இல்லை, அவரைக்காய் நறுக்கிக்கிட்டே இருந்தா. அறுபத்தஞ்சுல முடிஞ்சது. ஆவணிக்குள்ள மெஷின் அறுபத்தஞ்சு சொன்னா நாற்காலி எனக்கு. ஒண்ணு கூடினாலும் சாவி யுவராஜுக்கு. வையாபுரிதான் சாட்சி.

அடுத்த நாள் திருச்செங்கோட்டுல ஒரு டாக்டரம்மாகிட்டப் போனேன். தேன்மொழின்னு பேரு, முப்பத்தஞ்சு வயசு இருக்கும். பிரஷர் பார்த்தாங்க, நூத்தி அறுபதுகிட்ட. சீட்டைப் பார்த்துட்டுச் சொன்னாங்க. “நெஞ்சுல இருந்து கிளம்பற பெரிய குழாய் வெறும் பைப் இல்லீங்க ஐயா. ஒவ்வொரு துடிப்புக்கும் விரிஞ்சு கொடுக்கும், திரும்பச் சுருங்கும். வயசாக ஆக அந்த நெகிழ்வு குறையும். அப்ப நெஞ்சோட அடி அப்படியே போய் மூளையிலயும் கிட்னியிலயும் விழும்.”

“வில்லுப்பட்டை விறைச்ச லாரிங்கறீங்க”ன்னேன். “பள்ளத்துல விழற அடியெல்லாம் நேரா லோடுக்குப் போகும்.”

அவங்களுக்கு ஒரே சந்தோஷம். “அதேதாங்க. வயசாகறதை நிறுத்த முடியாது. ஆனா தினமும் மூச்சு வாங்கற அளவுக்கு நடக்கறவங்களுக்கு, சைக்கிள் விடறவங்களுக்கு, குழாய் விறைக்கறது மெதுவா நடக்கும். ரத்தம் வேகமா ஓடும்போது குழாயோட உள்பக்கத்தை உரசிட்டுப் போகும். அந்த உரசல் பட்டா உள்பூச்சு ஒரு பொருளைச் சுரக்கும், அது குழாயைத் தளர்த்தி விடும். அறுபதுல ஆரம்பிச்சாலும் ஓரளவு திரும்பி வரும். முழுசா வராது, ஓரளவு.”

எனக்குச் சட்டுனு புரிஞ்சது. தினமும் ஓடற வண்டியில ரேடியேட்டர் ஓஸ் பைப்பைப் பிடிச்சு அழுத்திப் பாருங்க, மெத்துனு இருக்கும். அதே வண்டி ஆறு மாசம் வெயில்ல நின்னா? அழுத்தினதும் சுக்குனு வெடிக்கும். நின்ன வண்டி கெட்டுப் போகும்னு நான் எத்தனை பேருக்குச் சொல்லியிருப்பேன்! நாற்காலியில உக்காந்துக்கிட்டே சொல்லியிருக்கறேன்.

“தினமும் ஒரு மணி நேரம் வேகமா நடங்க”ன்னாங்க.

“அம்மா, ஒரு மணி நேரமா! கால் மணி நேரம்னு முடிங்க.”

“அம்பது நிமிஷம்.”

“இருபது.”

“ஐயா, நீங்க தூரத்துல இருந்து வந்திருக்கீங்க, உங்களுக்காக நாப்பத்தஞ்சு.”

“நாப்பது. வாரத்துக்கு அஞ்சு நாள். இதுக்கு மேலன்னா நான் வேற டாக்டரைப் பார்த்துக்கறேன்”னு எந்திரிச்சுட்டேன். கதவு வரைக்கும் போனேன், கூப்பிட்டுட்டாங்க! அடிச்சேன் பாருங்க, சுளையா இருபது நிமிஷம் கழிச்சு, ரெண்டு நாளும் கழிச்சு. அந்தம்மாவும் லேசுப்பட்ட ஆளில்லை. அவங்க அப்பா மாட்டுத் தரகராம். எத்தனை சுறுசுறுப்புங்கறீங்க? நான் நாப்பதுன்னு சொல்லி வாய் மூடலை, அதுக்குள்ள மேஜை மேல இருந்த மடிச்ச சீட்டை எடுத்துக் கொடுக்கறாங்க, அதுல ‘நாற்பது நிமிடம், வாரம் ஐந்து நாள்’னு எழுதி மையே காஞ்சிருக்குது! நர்ஸ் வேற என்னைப் பார்த்துச் சிரிச்சுது. ஜெயிச்சவனைப் பார்த்தா யாருக்கும் ஒரு சந்தோஷம்தான். மாத்திரைக்கு மட்டும் பேரம் இல்லைன்னுட்டாங்க. அது ராத்திரிக்கு ஒண்ணு, இன்னும் போட்டுட்டுத்தான் இருக்கறேன்.

மூச்சு வாங்குதா? வாங்கட்டும். அதுக்குத்தானே இது. கர்ச்சீப்பால நெத்தியைத் துடைச்சுக்கங்க, காலை நிறுத்தாதீங்க.

முதல் மாசம் நான் நடக்கவே இல்லை. எதுக்கு நடக்கணும்? நாள் பூரா யார்டுல நடக்கறவன்தானே! மாப்பிள்ளை ஒரு வாட்சு கட்டி விட்டாரு, எத்தனை அடி வெக்கறோம்னு எண்ணற வாட்சு. பொழுது சாயறதுக்குள்ள ஒம்பதாயிரம் காட்டினது. அதைத் தூக்கிட்டு டாக்டரம்மாகிட்டப் போனேன். அவங்க கேட்டாங்க, “நாலு அடி வெப்பீங்க, நின்னு கத்துவீங்க, மறுபடி நாலு அடி. சரிதானுங்களா?” எப்படித் தெரிஞ்சுதுன்னு தெரியலை. “டவுன்ல முதல் கியர்லயே ஓடின வண்டிக்கும் பைபாஸ்ல நிக்காம ஓடின வண்டிக்கும் வித்தியாசம் உங்களுக்கு நான் சொல்லணுமா? நாலடி வெச்சாலும் நல்லதுதான். ஆனா இது மூச்சு வாங்கணும், தொடர்ந்து வாங்கணும்”னாங்க.

ரெண்டாவது மாசம் யோசிச்சேன். அஞ்சு நாளைக்கு நாப்பதுன்னா மொத்தம் எரநூறு நிமிஷம். எதுக்குச் சில்லறையாக் கொடுக்கணும்? மொத்தமாக் கொடுத்தா வேலை முடிஞ்சது. நாம எதையும் மொத்தமாப் பேசறவங்கதானே. ஒரு ஞாயித்துக்கிழமை விடிஞ்சதும் கிளம்பினேன். இங்க இருந்து திருச்செங்கோட்டு ரோட்டைப் பிடிச்சு நடையான நடை. மலை தெரியற வரைக்கும் போயிட்டேன், ஒரு தெம்பு. திரும்பும்போதுதான் ரெண்டு காலும் என்னைக் கேக்காமலே நின்னு போச்சு. ஒரு புளியமரத்தடியில உக்காந்தவன் எந்திரிக்கலை. யார் வர்றான்? வையாபுரி, சைக்கிள்ல. “என்ன மச்சான், பிரேக் டவுனா? கயிறு கட்டி டோ பண்ணட்டுமா?”ன்னான். கேரியர்ல உக்கார வெச்சு மிதிச்சுட்டு வந்தான் தம்பி, மேட்டுல கூட எறங்கச் சொல்லலை. நாலு நாள் படுக்கை. பாவாயி எண்ணெய் தேய்ச்சு விட்டுட்டே, “இன்னும் நாலு மாசம் இருக்குதுங்க”ன்னா. டாக்டரம்மா போன்லயே சிரிச்சாங்க. “ஒரு மாசத்து ஆயிலை ஒரே நாள்ல இஞ்சின்ல ஊத்துவீங்களா ஐயா?”

அதுக்கப்புறம்தான் தினமும். அதுவும் தற்செயலா நடந்தது. ஒரு நாள் காலையில நடந்துட்டிருக்கறேன், மேச்சேரிக்காரன் ஒருத்தன் டிப்பர் வாங்க வந்துட்டான். பெரிய வாயாடி, என்னை மாதிரியே தொண்டை. நின்னா நிமிஷம் போயிடும்னு, வாய்யா நடந்துட்டே பேசலாம்னேன். மூணாவது சுத்துல அவன் தொண்டை அடைச்சுப் போச்சு. நாலாவது சுத்துல நான் சொன்ன விலைக்கு ‘சரி’ங்கறான்! ஏன்னா பெரிய வாக்கியம் பேச அவன்கிட்டக் காத்து இல்லை. ‘சரி’ங்கறது சின்ன வார்த்தை. அடடா, இத்தனை வருஷமா இந்த வித்தை தெரியாம நாற்காலியில உக்காந்து கத்தியிருக்கறேனேன்னு இருந்தது. அன்னியில இருந்து எல்லா விலையும் நடையிலதான். மழை பேஞ்சாலும் நடை. சில நாள் வாங்கறவன் வரலைன்னாலும், வருவான்னு நடந்தேன்.

என்னது? நீங்க இப்ப ஒரு விலை சொன்னீங்களா? காதுல விழலை. மூச்சை இழுத்துக்கிட்டு அடுத்த சுத்துல சொல்லுங்க.

பாவாயி சொல்லுவா, அந்த நாலு மாசத்துல நான் கத்தறதே குறைஞ்சு போச்சாம். அதெல்லாம் இல்லை. கோபத்தை நான் விடலை தம்பி, அது என் பிறப்புரிமை. அந்த வேகத்துல கத்தறதுக்கு மூச்சு வராது, நின்னு கத்தலாம்னா நிமிஷம் போயிடும். முடிச்சதுக்கப்புறம் கத்திக்கலாம்னு வெச்சிருப்பேன். முடிக்கும்போது எதுக்குக் கத்தணும்னு மறந்திருக்கும். அவ்வளவுதான் விஷயம்.

ஆவணி வந்தது. சேலத்துக்கு நான், மாப்பிள்ளை, வையாபுரி மூணு பேரும் போனோம். பாவாயி வரலை. சாமி படத்துக்கு முன்னாடி உக்காந்துட்டா. அதே பொண்ணு, அதே மெஷின். படுக்கும்போதே எனக்கு நெஞ்சு திக்திக்குனு அடிச்சது. பத்து நிமிஷம் சும்மா படுங்க ஐயான்னு அந்தப் பொண்ணு விசிறி போட்டு விட்டுது. வாழ்க்கையில எத்தனையோ வண்டிக்கு ஏலத்துல நின்னிருக்கறேன், அப்படிப் பயந்ததில்லை. நாற்காலி போறது பெரிசில்லீங்க. நாளைக்கு இந்நேரம் நான் யாருன்னு கேட்டா, வீட்டுல இருக்கற ஒரு ஆளு.

பிரஷர் நூத்தி முப்பத்தாறு. சீட்டு வந்தது.

அறுபத்தாறு.

எழுபத்தொண்ணுல இருந்து அஞ்சு வயசு எறங்கியிருக்குது. பேசினது ஆறு. ஒண்ணே ஒண்ணு!

அந்தப் பொண்ணு, “சூப்பருங்க ஐயா, ஆறு மாசத்துல இது ரொம்ப நல்ல மாத்தம். ஒவ்வொரு தடவை எடுக்கும்போதும் ஒண்ணு ரெண்டு முன்னப்பின்ன வரும், நம்பரையே பிடிச்சுத் தொங்காதீங்க”ன்னுது. அதுக்கென்ன தெரியும், அதுவா சாவியைக் கொடுக்கப் போகுது? மாப்பிள்ளை என் தோளைத் தொட்டாரு, அவருக்கே கண்ணு கலங்கிப் போச்சு. வெளியில வராந்தாவுக்கு வந்ததும் வையாபுரி என்னை ஓரமா இழுத்தான்.

“மச்சான், சாட்சி நான்தானே? சீட்டைக் கொடு. நம்ம பைபாஸ் ஜெராக்ஸ் கடையில ஆறை அஞ்சாக்கறது ஒரு நிமிஷ வேலை. என் தங்கச்சிக்கு நான் சொல்லிக்கறேன்.”

இந்த இடத்துல ஒரு தொழில் சங்கதி சொல்லணும், கோவிச்சுக்காதீங்க. பழைய வண்டியில எத்தனை கிலோமீட்டர் ஓடினதுன்னு மீட்டர் காட்டும் பாருங்க, அதைத் திருப்பி வெக்கறது எங்க லைன்ல பல்லு விளக்கற மாதிரி. அஞ்சு லட்சம் ஓடினதை ரெண்டு லட்சமாக்குவோம். நான் திருப்பின மீட்டரையெல்லாம் சேர்த்தா நிலாவுக்குப் போயிட்டு வரலாம். வையாபுரிதான் அதுக்கு ஸ்பானர் எடுத்துக் கொடுத்தவன். அவன் இப்ப எனக்கு ஒரு கிலோமீட்டர் திருப்பித் தர்றேங்கறான். பாசத்துலதான் சொல்றான்.

எனக்கு எங்கிருந்து வந்ததோ தெரியலை. ஆஸ்பத்திரி வராந்தான்னு கூடப் பார்க்காம பிடிச்சேன் பாருங்க ஒரு பிடி. “டேய் வையாபுரி! திருப்பின மீட்டரு பார்க்கறவனைத்தாண்டா ஏமாத்தும். இஞ்சினை ஏமாத்துமா? மழையில நடந்தேன், காய்ச்சல் விட்ட மறுநாள் நடந்தேன், பார்க்க ஒரு நாதி இல்லாம நடந்தேன். அத்தனையையும் ஒத்துக்கிட்டது இந்த ஒரு சீட்டுதான். இதுல கை வெச்சே, உன் அம்பத்தஞ்சு வயசு ரத்தக்குழாயை உருவி மாலையாப் போட்டுருவேன்!” செக்யூரிட்டி ரெண்டு பேரு ஓடி வந்தாங்க. வையாபுரி அவங்ககிட்ட, “ஒண்ணுமில்லீங்க, எங்க மச்சானுக்கு உடம்பு நல்லாயிடுச்சு”ன்னு சொல்றான்.

வீட்டுக்கு வந்தா பாவாயி கதவுகிட்ட நிக்கறா. கண்ணாடி போடலை, சீட்டைக் கையில வாங்கியும் அவளுக்குப் படிக்க முடியாது. “எத்தனைங்க?”ன்னா. அறுபத்தஞ்சுன்னு சொல்ல நாக்குக்கு எத்தனை நேரம் ஆகும்? அறுபத்தாறுன்னேன். யார்டு சாவியை இடுப்புல இருந்து அவுத்து சாமி படத்துக்குக் கீழே வெச்சேன். பேசின பேச்சு பேசினதுதானே. நான் எவனுக்காவது ஒரு ரூபா விட்டிருக்கறேனா?

மூணு நாள் வீட்டுல இருந்தேன். நடக்கலை, எதுக்கு நடக்கணும்? விலை பேச ஆள் வேணுமில்லை? தயிர்க்காரம்மாகிட்டப் பேசினேன், ரெண்டாவது நாள் அது தெருவை மாத்திட்டுப் போயிடுச்சு. கேபிள்காரர் வயரைப் பிடுங்கிட்டுப் போயிட்டாரு. கோயில் பூசாரிகிட்ட, இத்தனை தேங்காய்க்கு எத்தனை அர்ச்சனைன்னு கேட்டுட்டேன்னு புகார் வந்தது. மீதி நேரமெல்லாம் சுவத்தைப் பார்த்துப் படுத்துட்டேன். பாவாயி வர்றதும், என்னைப் பார்க்கறதும், போறதுமா இருந்தா.

நாலாவது நாள் வெடியால ஆறு மணிக்கு வந்து போர்வையை உருவினா. “எந்திரிங்க. நாற்காலி யுவராஜுக்குத்தான், அதுல மாத்தம் இல்லை. பில்லு, பேங்கு, ஆர்.டி.ஓ. ஆபீஸ் எல்லாம் அவரு. ஆனா அவருக்கு விலை பேச வரலை. விலை நீங்க பேசுங்க. நடந்துட்டுத்தான் பேசணும். நின்னு ஒரு வார்த்தை பேசினாலும், உக்காந்து ஒரு வார்த்தை பேசினாலும் அன்னிக்கு வீட்டுக்கு வந்துடணும். காலையில நாப்பது நிமிஷம்.”

பார்த்தீங்களா? மூணு நாள் படுத்தே ஜெயிச்சவன் உலகத்துல நான் ஒருத்தன்தான் இருப்பேன். அதோட விட்டேனா? நாப்பது நிமிஷத்துல எத்தனை வண்டிக்கு விலை பேசறது, சாயங்காலமும் இருபது நிமிஷம் கொடுன்னு பிடிச்சுக்கிட்டேன். அவ முடியாதுன்னா. நான் விடலை. ரொம்ப யோசிச்சுட்டுத்தான் சரின்னா. தினமும் ஒரு மணி நேரம் தம்பி! சண்டை போட்டு வாங்கினது. அவளுக்கென்ன, அன்னிக்குச் சமையக்கட்டுல என்னமோ பாட்டு முணுமுணுத்துட்டு இருந்தா.

அந்தா, கேட்டுகிட்ட வேப்பமரத்தடியில உக்காந்திருக்கறா பாருங்க, பச்சைச் சேலை. நாம நிக்கறமான்னு பார்க்கறா. கை காட்டாதீங்க, கை காட்டினா வேகம் குறையும். மாசியில மறுபடி மெஷின்ல படுக்கணும். அறுபத்துநாலுக்குப் பேசியிருக்கறேன்.

என்ன, மீட்டரா? கேப்பீங்கன்னு தெரியும். இவ்வளவையும் சொல்லிட்டு நீங்க கேக்காம இருந்தாத்தான் ஆச்சரியம். உங்க நீல வண்டி மீட்டரு ஒரு லட்சத்து எண்பதாயிரம் காட்டும். அது நான் முன்னாடியே திருப்பி வெச்சது. நிசத்துல நாலரை லட்சம் ஓடியிருக்குது. போதுமா? ஆனா தினமும் ஓடின வண்டி, ஒரு மாசம் சேர்ந்தாப்பல நின்னதில்லை. அடுத்த சுத்துல பானெட்டைத் தொறக்கச் சொல்றேன், போற போக்குல ஓஸ் பைப்பை ஒரு அழுத்து அழுத்திட்டு வாங்க, மெத்துனு இருக்கும். வேணும்னா வாங்குங்க, வேண்டாம்னா போங்க. யோவ் மெக்கானிக்கு, பானெட்டைத் தூக்கு!

விலை குறைக்கணுமா? அப்படி வாங்க வழிக்கு. இன்னிக்கு நேரம் முடிஞ்சது தம்பி, இன்னும் ஒரு நிமிஷந்தான். பேசலாம், ஆனா ஒரே நாள்ல முடியற விலை இல்லை இது, பத்து நாளாவது ஆகும். தினமும் தாராபுரத்துல இருந்து வர முடியாதா? எதுக்கு வர்றீங்க? உங்க ஊர்லயே நடங்க, போன் போடுங்க. காலையில ஆறரைக்கு நான் இங்க சுத்தறேன், நீங்க அங்க சுத்துங்க. தினம் கொஞ்சம் எறக்கித் தர்றேன். ஆனா நடுவுல எங்கயாவது நின்னீங்கன்னா மூச்சுலயே எனக்குத் தெரிஞ்சுடும். அன்னிக்கு விலை ஏறிடும், சொல்லிட்டேன்.